எழுபது வளைவுகளும் 796 சிசியும்

வைகாசி மாதத்து விடியற்காலை ஐந்தேகால் மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். நானும் அம்மாவும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகைக் கார் வேண்டாம், அப்பாவின் காரில்தான் போக வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அப்பாவின் கார் 1997-இல் வாங்கிய வெள்ளை மாருதி 800. ஏசி கிடையாது. நான்கு கியர். கார்புரேட்டர் வண்டி. அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, வண்டியை விடாமல் வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கு, மாதத்தில் ஒரு நாள் தஞ்சாவூர் அக்கா வீட்டுக்கு, அவ்வளவுதான் அதன் ஓட்டம்.

காவிரியை இடது கையில் வைத்துக்கொண்டு முசிறி, தொட்டியம் வழியாகப் போகிற சாலை காலை வேளையில் மனதுக்கு மிகவும் இதமானது. வாழைத்தோப்பும் கோரை வயலும் மாறி மாறி வரும். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு அறுபது, எழுபதில் போனால் இந்த இன்ஜினின் சத்தம் ஒரே சீராக, தையல் மிஷின் ஓடுவதுபோல் கேட்கும். நின்றுகொண்டிருக்கும்போதுதான் அதன் நடுக்கம் தெரியும். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு அது பிறவிக் குணம். நாலு சிலிண்டரில் கிராங்க் அரைச்சுற்று சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு நடந்துவிடும். இதில் 240 பாகைக்கு ஒரு வெடிப்பு. அந்த இடைவெளியைத்தான் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் நம் உள்ளங்கை உணர்கிறது. பலர் இதை நோய் என்று நினைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்கள். நோயில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இந்தக் காரை வைத்து எனக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். அவர் கணக்கு வாத்தியார். சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். "வண்டிக்கு ஏன் 800னு பேரு, கண்டுபிடி" என்றார். ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கினேன். ஒரு சிலிண்டருக்கு 265 கன சென்டிமீட்டரும் கொஞ்சமும் வந்தது. மூன்றால் பெருக்கினால் 796. விடை சரியாக வந்த சந்தோஷத்தில் பானெட்டைத் திறந்து காட்டினார். உருளையின் கனஅளவு என்கிற பாடம் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்தது.

சுசூகியின் எஃப்8பி என்பது இந்த இன்ஜினின் பெயர். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்த நாளிலிருந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை, இந்த 796 சிசி என்கிற எண் மாறவில்லை. அதற்கு முன்னால் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் இன்ஜின் 1489 சிசி. பத்மினி 1089. நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகூட 948. அவற்றைவிடச் சிறிய இன்ஜின் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மலையேறுமா என்று அன்றைக்கு எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஏறியது. காரணம், வண்டியின் எடை 650 கிலோவைச் சுற்றித்தான். 39 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது தாளில் படிக்கும்போது எளிமையான எண்கள்தான். ஆனால் அந்த விசை முழுவதும் 2500, 3000 சுற்றுகளுக்குள் கிடைத்துவிடுகிறது. மலையில் இரண்டாவது கியரில் நாம் ஓட்டுகிற வேகமும் கிட்டத்தட்ட அதே சுற்றுதான். இதே இன்ஜின் ஆம்னி வேனில் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஓடியது. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் மெஹ்ரான் என்ற பெயருள்ள காரில் 2019வரை ஓடியது. கொரியாவின் டிக்கோ காரும் இதன் நெருங்கிய உறவுதான்.

நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டோம். லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளில் அதற்குள்ளேயே வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி கடந்து காரவள்ளி அடிவாரத்தைச் சேர்ந்தபோது மணி எட்டரை. இங்கிருந்துதான் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு.

கிளம்புவதற்கு முதல் நாள் நான் என்னென்ன பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் அளவு பார்த்தேன். டயர்க் காற்று பார்த்தேன். பிரேக் ஆயில் பார்த்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் கோடு வரை இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்ரோல் குழாய்களைப் போன வருடமே மாற்றியிருந்தேன். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, மெத்தென்றாகி, கிளிப் போட்ட இடத்தில் கசிய ஆரம்பிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துவைத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் பச்சை நிறத்தில் கசடு படியும். ஆகவே குழாயும் புதிது, கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்தது. இவ்வளவும் பார்த்தவன், ஒன்றைப் பார்க்கவில்லை.

முதல் முப்பது வளைவுகள் அருமையாகப் போயின. நல்ல வெயில் ஏறுவதற்கு முன்பான நேரம். மூங்கில் புதர்களுக்கு இடையில் கீழே சேந்தமங்கலத்து வயல்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. வளைவுச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அம்மா ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். வளைவில் முதல் கியர், நேரில் இரண்டாவது. மூன்றாவது போட ஆசை வரும், போடக்கூடாது. ஏற்றத்தில் பெரிய கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உள்ளே பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் ஆங்காங்கே தானாக வெடிக்கும். டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி 'கிணிகிணி' என்று அது வெளியே கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அந்தச் சத்தத்தோடு ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம்.

நாற்பத்தொன்றாவது வளைவில் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்ப்பா, ஏதோ தோசைக்கல்லைக் காய வச்சுட்டு மறந்த மாதிரி வாசம் வரலை?"

ஊசியைப் பார்த்தேன். எப்போதும் பாதிக்குக் கீழே தூங்குகிற ஊசி முக்காலைத் தாண்டியிருந்தது. அடுத்த வளைவில் நிறுத்த இடமில்லை. நாற்பத்து மூன்றாவதில் ஒரு அகலமான திருப்பம் இருந்தது. ஓரங்கட்டி நிறுத்தியபோது ஊசி சிவப்புக் கோட்டைத் தொட விரல்கடை தூரம்தான் பாக்கி.

பானெட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. குழாய் வெடிக்கவில்லை. தண்ணீர் ஒழுகவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த மின்விசிறி மட்டும் அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விசிறி சுற்றும் சத்தத்தை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. பல மாதமாகவே அது சுற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

எப்படித் தெரியாமல் போனது? சந்தைக்குப் போகிற பத்து நிமிடத்துக்குள் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. தஞ்சாவூர் சாலையில் எழுபதில் போகும்போது முன்னாலிருந்து அடிக்கிற காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், விசிறிக்கு வேலையே வராது. மலையில்தான் இரண்டும் தலைகீழாகின்றன. இன்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது, வண்டியோ இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. வெப்பம் அதிகம், காற்று இல்லை. விசிறி ஒன்றுதான் கதி. சமவெளி மறைத்துவைத்த கோளாறை மலை ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துப் போட்டுவிட்டது.

ஒரு பெட்ரோல் இன்ஜினுக்குள் போகிற எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் சக்கரத்துக்குப் போக வழியுண்டு. ஏறத்தாழ அதே அளவு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்ச வெப்பத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு வெளியேற்ற வேண்டும். உள்ளே வெடிக்கும் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2000 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், சுற்றிலும் ஓடுகிற இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும், அதைக் குளிர வைக்கிற ரேடியேட்டரும். நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சாலையில் ஓடுகிற ஒவ்வொரு காரும் இந்த மெல்லிய ஏற்பாட்டை நம்பித்தான் ஓடுகிறது.

இந்த இன்ஜினில் ஹெட்தான் அலுமினியம். கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். சாதாரணச் சூட்டில் இந்த இழுபறியை அது தாங்கும். வரம்பு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் ஏதோ ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கும். அங்கிருந்து தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், அல்லது ஆயிலோடு கலக்கும். மாருதி 800 வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு' என்கிற வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். கேஸ்கெட்டின் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை. அது கடைசியில் போகிற உயிர். முதலில் போனது வேறெங்கோ இருக்கும்: விசிறியின் சுவிட்ச், திறக்காமல் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், சுண்ணாம்பு அடைத்த ரேடியேட்டர், ரப்பர் தேய்ந்த மூடி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே வருடங்களைக் கடத்திய சொந்தக்காரர்.

கை பரபரத்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாட்டில் தண்ணீரை ஊற்றிவிடலாமா என்று போனேன். அதற்குள் மேலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிவந்த ஓர் ஆம்னி வேன் நின்றது. முப்பது வயதிருக்கும் ஓட்டுநர், வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே கத்தினார்.

"அண்ணா, மூடியத் தொட்றாதீங்க! அப்படியே வுடுங்க!"

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று படிக்கிறோம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் 97 பாகைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும். அந்த மூடியில் 0.9 என்று ஓர் எண் எழுதியிருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம்வரை அது பிடித்துவைக்கும் என்று பொருள். பிரஷர் குக்கர் மாதிரிதான். அந்த அழுத்தத்தில் கொதிநிலை பதினைந்து, இருபது பாகை மேலே போய்விடுகிறது. உள்ளே 110 பாகையில் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், ஒரே கணத்தில் கொதித்து ஆவியோடு பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். சூடான இன்ஜின்மேல் வெளியிலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் அதே அளவு தவறு. ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விடும்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்திருந்தால், ஊசி ஏற ஆரம்பித்ததுமே ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டிருக்கலாம். அது உள்ளே இருக்கிற இன்னொரு குட்டி ரேடியேட்டர். வேர்த்துக் கொட்டினாலும் இன்ஜின் பிழைக்கும். எங்கள் வண்டியில் அது இல்லை. அம்மா பிளாஸ்கிலிருந்து மூன்று டம்ளரில் காப்பி ஊற்றினார். ஓட்டுநருக்குச் சோளக்காடு பக்கம். சந்தைக்குப் பலாவும் அன்னாசியும் இறக்கிக்கொண்டு போவது தொழில்.

"நம்ம வேனும் இதே இன்ஜின் தானுங்கண்ணா. எங்க ஊர்ல எல்லா வேனும் இதுதான். ஃபேன் சுவிட்ச் போயிருக்கும், பாருங்க."

முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு தண்ணீரின் சூட்டை உணர்ந்து விசிறியை ஓட விடுகிற சுவிட்சைக் காட்டினார். கட்டைவிரல் அளவுதான். அதன் மேல் மாட்டியிருந்த கனெக்டரைக் கழற்றினார். முனைகள் பச்சை பூத்திருந்தன.

"அம்மா, ஊக்கு ஒண்ணு இருந்தாக் குடுங்க."

அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். ஓட்டுநர் அதைப் பல்லால் கடித்து நிமிர்த்தி, ஆங்கில யு எழுத்துபோல வளைத்து, கனெக்டரின் இரண்டு துளைகளிலும் செருகினார். சாவியைப் போடச் சொன்னார். போட்டேன். விசிறி 'விர்'ரென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விசிறியின் மோட்டார் நலமாக இருக்கிறது, வயரும் நலம், சுவிட்ச் மட்டும்தான் உயிரிழந்திருக்கிறது என்பதை ஓர் ஊக்கு நிரூபித்துவிட்டது. மெக்கானிக்குகளின் வழக்கில் இதற்கு 'டைரக்ட் கொடுப்பது' என்று பெயர். சூடோ குளிரோ, சாவி போட்டிருக்கும்வரை விசிறி ஓடும். ஊக்கின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினார். பிறகு துணியை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்து, கால் திருப்பு திருப்பினார். 'உஸ்'ஸென்று மிச்ச ஆவி போனது. காத்திருந்து முழுதாகத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரை நூல்போல ஊற்றினோம். ஒண்ணேகால் லிட்டர் பிடித்தது.

"டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கண்ணா."

உருவிப் பார்த்தேன். ஆயில் கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்துத் திரண்டிருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி வரவில்லை. ஹெட் கேஸ்கெட் தப்பித்தது. அம்மாவின் மூக்கு இரண்டு வளைவு முன்னால் எச்சரித்திராவிட்டால் தப்பித்திருக்காது.

பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "ஊரு போனதும் மறக்காம சுவிட்சை மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மீதி இருபத்தேழு வளைவுகளையும் ஊசியைப் பார்த்தபடியே ஏறினேன். அது பாதியைத் தொடவேயில்லை. சோளக்காட்டைத் தாண்டியதும் காற்று மாறியது. மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள், காப்பிச் செடிகள், இடையிடையே நெல் வயல். செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறார். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் வைத்த அளவுக்கே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கலவை கொழுத்துப்போய், ஐடிலிங்கில் இன்ஜின் கொஞ்சம் தடுமாறும், சைலன்சர் வாயில் கரி படியும். இதைக் கண்டு அங்கேயே திருகாணியைத் திருகி 'செட்' செய்யக்கூடாது. கீழே இறங்கியதும் கலவை இளைத்துப்போய் சூடு ஏற ஆரம்பித்துவிடும். 2000-க்குப் பிறகு எம்பிஎஃப்ஐ வந்த வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே காற்றை அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கக் கணினி இருக்கிறது.

கோயிலில் கூட்டமில்லை. அப்பரும் சம்பந்தரும் தங்கள் பாடல்களில் பெயர் சொல்லும் தலம். அம்மா நெடுநேரம் சன்னிதியில் நின்றார். பிறகு ஆற்றங்கரைக்கு வந்து மீன்களுக்குப் பொரி போட்டார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்குமேல் இறங்க வேண்டும் என்பதால் போகவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாவது கியரில் விட்டால், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சும். வால்வுகளின் தண்டில் உள்ள சின்ன ரப்பர் சீல்கள் பழசாகியிருந்தால், அந்த உறிஞ்சலில் மேலே இருக்கும் ஆயில் வால்வு வழியாக உள்ளே இறங்கும். காரவள்ளிக்கு வந்து சமதரையில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்கண்ணாடியில் ஒரு நீலப் புகை தெரிந்தது. ஒரே ஒரு கொத்து. பிறகு தெளிந்துவிட்டது. ஏறும்போது, இன்ஜின் முக்கும்போது, தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. அது பெரிய செலவு. இறங்கி முடித்தபின் ஒரு கொத்து மட்டும் வந்தால் வால்வு சீல். சின்ன செலவு. இந்த வித்தியாசம் தெரியாமல், "ஆயில் குடிக்குது" என்ற ஒரே சொல்லுக்காக முழு இன்ஜினையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

நாமக்கல்லில் ஒரு பட்டறை திறந்திருந்தது. அறுபது வயது மெக்கானிக். ஊக்கைப் பார்த்ததும் சிரித்தார். "மலைக்காரங்க வேலைங்களா?" என்றார். சுவிட்சை மாற்றிவிட்டு, கேட்காமலேயே மூன்று பிளக்கையும் கழற்றினார். முனைகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம் என்றார். முதலாவதில் மட்டும் லேசாக ஆயில் ஈரம். பிளக் இருந்த துளைகளில் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். பதினொன்று, பதினொன்றரை, பதினொன்றரை கிலோ.

"மூணுக்கும் நடுவுல ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாதுங்க. இருபத்தெட்டு வருச வண்டிக்கு இது போதும். வால்வு சீல் மட்டும் மாத்திக்கங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா மாற்றியிருப்பார். லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது கணக்கு. ஆனால் கம்மியாக ஓடும் வண்டியில் ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்து மூப்படைவதில்லை, வருடத்தைப் பார்த்து மூப்படைகிறது. அது அறுந்தால் வால்வுகளை இயக்கும் கேம் நின்றுபோகும், வண்டி நடுரோட்டில் அப்படியே அணைந்துவிடும். அடுத்த வாரமே திருச்சியில் பெல்ட்டையும் சீலையும் தெர்மோஸ்டாட்டையும் ஒன்றாக மாற்றினேன். தண்ணீரை முழுதும் வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றினேன்.

அந்த மெக்கானிக் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவையின் உயரத்தை விரலால் சரிபார்க்கத் தெரிந்த பையன்கள் இப்போது அவர் பட்டறைக்கு வருவதில்லையாம். வருகிறவர்கள் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். ஸ்கேனர் நல்ல கருவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் வெப்ப ஊசியையே எடுத்துவிட்டார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு. நடுவில் நடப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நாற்பத்தொன்றாவது வளைவில் எனக்குக் கிடைத்த முன்னறிவிப்பு, விளக்கு மட்டும் உள்ள வண்டியில் கிடைத்திருக்காது. சிவப்பு எரியும்போது ஹெட் ஏற்கெனவே வளைய ஆரம்பித்திருக்கும்.

இரவு எட்டு மணிக்கு வீடு வந்தோம். மொத்தம் 302 கிலோமீட்டர். மறுநாள் டேங்க்கை நிரப்பியபோது 19 லிட்டர் பிடித்தது. அம்மா அந்த ஊக்கை என்னிடம் கேட்டு வாங்கி, சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர்களுக்கும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கும் போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிவாரத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல் ஐந்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகு ஏறுங்கள்.